இதய அறுவைக்குப் பின் நீர்மத் தேவையை மதிப்பிடல்

இதய அறுவைக்குப் பின் நீர்மத் தேவையை மதிப்பிடல் என்பது, இதய அறுவை முடிந்து செயற்கைச் சுவாசக் கருவியின் துணையுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நோயாளிக்குச் சிரை வழியாக நீர்மம் செலுத்தினால் பயன் விளையுமா எனக் கணிக்கும் முறை ஆகும். தீவிர சிகிச்சையில் குருதியோட்டம் குன்றிய நோயாளிகளுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே நீர்மம் பயனளிக்கிறது. ஏனையோருக்கு அது நுரையீரலிலும் பிற திசுக்களிலும் தேங்கி, சுவாசக் கருவியிலிருந்து விடுபடுவதைத் தாமதப்படுத்தக்கூடும்.

குருதியழுத்தம் குறையக் காரணங்கள்

குருதியிழப்பு, மிகையான சிறுநீர்ப் போக்கு, குளிர்ந்த உடல் மீண்டும் வெப்பமடையும்போது குருதிக்குழாய்கள் விரிவடைதல், இதய-நுரையீரல் இயந்திரம் தூண்டும் அழற்சியால் நுண்குழாய்கள் கசிதல் ஆகியவற்றால் நீர்மத் தேவை எழுகிறது. ஆனால் இதயத்தசைத் தளர்ச்சியாலும், இதயத்தைச் சூழ்ந்து குருதி தேங்கி அதை நெருக்குவதாலும் அழுத்தம் குறையலாம். முன்னதற்கு இதயச் சுருக்கத்தை வலுப்படுத்தும் மருந்துகளும், பின்னதற்கு உடனடி மறு அறுவையும் தேவைப்படும். இந்நிலைகளில் நீர்மத்தை மட்டும் செலுத்திக் காலம் கடத்துவது உயிருக்கு ஆபத்தாகலாம்.

உடலியங்கியல் அடிப்படை

பிராங்க்-ஸ்டார்லிங் விதியின்படி, கீழறை எந்த அளவு நிரம்பி விரிகிறதோ அதற்கேற்ப அடுத்த துடிப்பில் வெளியேறும் குருதியும் கூடுகிறது. ஓர் எல்லைக்குப் பின் இவ்வுயர்வு நின்றுவிடும். நீர்மம் செலுத்தியபின் ஒரு துடிப்பில் வெளியேறும் குருதியின் அளவு 10 முதல் 15 விழுக்காடு வரையோ அதற்கு மேலோ உயர்ந்தால், நோயாளி நீர்மத்துக்குத் துலங்குபவர் எனப்படுவார். நெடுங்காலம் பயன்பட்டுவந்த மைய சிரை அழுத்தம் இதைச் சரிவரக் காட்டுவதில்லை என்பது பல ஆய்வுகளால் அறியப்பட்டுள்ளது.

மதிப்பீட்டு முறைகள்

* நாடியழுத்த மாறுபாடு: கருவி காற்றைச் செலுத்தும்போது நெஞ்சறை அழுத்தம் உயர்ந்து, இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைகிறது. சில துடிப்புகளுக்குப் பின் இடது கீழறையிலிருந்து வெளியேறும் குருதியும் குறைகிறது. ஒரு சுவாசச் சுழற்சியில் மிகுதியான நாடியழுத்தத்துக்கும் குறைந்த நாடியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் சராசரியால் வகுத்து, நூறால் பெருக்கினால் மாறுபாடு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, அவை 50, 42 மி.மீ. பாதரசம் எனில் மாறுபாடு ஏறத்தாழ 17 விழுக்காடு ஆகும். 12 அல்லது 13 விழுக்காட்டுக்கு மேல் இருப்பின் நீர்மம் பயனளிக்க வாய்ப்பு மிகுதி.
* கால்களை உயர்த்தல்: கால்களை 45 பாகைக்கு உயர்த்தினால், அவற்றிலுள்ள ஏறத்தாழ 300 மி.லி. குருதி இதயத்தை நோக்கிப் பாய்கிறது. ஒரு நிமிடத்துக்குள் இதய வெளியேற்றத்தை அளக்க வேண்டும். கால்களை இறக்கியதும் விளைவு நீங்கிவிடுவதால், இது மீளக்கூடிய சோதனையாகும்.
* வெளிமூச்சு இறுதியில் நிறுத்தல்: கருவியை ஏறத்தாழ 15 நொடி நிறுத்தும்போது இதய வெளியேற்றம் 5 விழுக்காடு அளவுக்கு உயர்ந்தால், நோயாளி துலங்குபவராகக் கருதப்படுகிறார்.

வரம்புகள்

நோயாளி தாமாக மூச்சு விடும்போதும், நெஞ்சு திறந்திருக்கும்போதும், ஒரு மூச்சின் காற்றளவு உடல் எடையில் கிலோவுக்கு 8 மி.லி.க்குக் குறைவாக இருக்கும்போதும் நாடியழுத்த மாறுபாடு நம்பத்தக்கதன்று. இதய அறுவைக்குப் பின் அடிக்கடி தோன்றும் மேலறை நடுக்கத்திலும் இது பயன்படாது. வலது கீழறை செயலிழப்பில் மாறுபாடு பொய்யாக உயர்ந்து காட்டலாம். மேலும், ஒருவர் துலங்குபவர் என்பதாலேயே அவருக்கு நீர்மம் தேவை எனக் கொள்ளலாகாது. உடல்நலமுள்ளோரின் இதயமும் நீர்மத்துக்குத் துலங்கும். சிறுநீர் அளவு குறைதல், குருதியில் லாக்டேட் உயர்தல் போன்ற குருதியோட்டக் குறைவின் அறிகுறிகளையும் சேர்த்தே முடிவு செய்யப்படுகிறது.

தமிழ்நாட்டில்

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணிக்கு அண்மையிலுள்ள வேலூர், இந்திய இதய அறுவை வரலாற்றில் முதன்மையான இடமாகும். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ரீவ் பெட்ஸ் நெஞ்சறுவைத் துறையைத் தொடங்கினார். 1960களின் தொடக்கத்தில் என். கோபிநாத் அங்கு திறந்த இதய அறுவையை வெற்றிகரமாக நிகழ்த்தினார். 1975இல் சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் இதயத் தமனி மாற்றுவழி அறுவையைச் செய்தார்.