ஜிப் பவுச் திறக்க மல்லுக்கட்டுறீங்களா?

'இங்கே கிழிக்கவும்' என்று போட்டிருக்கும். நம்பி இழுத்தால், கோணலாகக் கிழிந்து ஜிப்பையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். அப்புறமென்ன... ரப்பர் பேண்ட்தான்! உங்களுக்கே இப்படின்னா, மூட்டுவலியோட இருக்கிற பாட்டிக்கு?

தப்பு உங்க கை மேல இல்ல, டிசைன் மேல. நல்ல பவுச்சில் என்னவெல்லாம் இருக்கும்?

வெட்டு: கிழிசல் தொடங்குவது ஓரத்திலுள்ள சின்ன வெட்டில். அது நேராகப் போக, சில பவுச்களின் வெளி லேயரில் மட்டும் லேசரால் மெல்லிய கோடு போடுவார்கள். உள் லேயர் அப்படியே இருப்பதால் ஈரம் நுழையாது.

பிடி: ஜிப்புக்கு மேலே விரல் பிடிக்க இடம் வேண்டும். ஒரு பக்கம் சற்று உயரமாக இருந்தால், பிரிப்பது இன்னும் சுலபம்.

ஜிப்: ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். வெளியிலிருந்து இழுத்தால் சுலபமாகப் பிரியும்படியும், உள்ளிருந்து பொருள் முட்டினால் விடாமல் பிடிக்கும்படியும் இதை வடிவமைக்கலாம். பள்ளத்தில் மசாலாத்தூள் அடைத்தால் சரியாகப் பூட்டாது, துடைத்துவிட்டு மூடுங்கள். விரலில் பலம் குறைந்தவர்களுக்கு, தள்ளித் திறக்கும் ஸ்லைடர் ஜிப் பெஸ்ட்.

முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் மனதில் வைத்து, பேக்கேஜிங்கை எளிதில் திறப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ 17480 என்ற சர்வதேசத் தரநிலை 2015-ல் வந்தது.

பவுச்சில் வெட்டு இல்லையா? கத்தரிக்கோல் எடுங்க. ஆனா, ஜிப்பை ஒட்டி வெட்டாதீங்க. ஒரு விரல் அகலம் விடுங்க. பாட்டிக்குப் பிடிக்க அந்த இடம் வேணும்!