மீத்திறன் பிள்ளைகளின் ஆசிரியர், பெற்றோருக்கான இணையவழிப் பயிற்சி: சுன்னாகத்தை முன்வைத்து

மீத்திறன் பிள்ளைகளை இனங்காணல், பாடத்தை அவர்களுக்கேற்ப மாற்றியமைத்தல், அவர்களது மனநிலையைப் புரிந்துகொள்ளல் ஆகியவற்றை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் இணையம் வழியாகக் கற்பிப்பதே இப்பயிற்சி. இதன் தேவையை யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுன்னாகத்தை வைத்து ஆராய்வது பொருந்தும். முருகேச பண்டிதரிடம் பாடங்கேட்ட அ. குமாரசுவாமிப் புலவரின் (1854–1922) ஊர் அது. 1894இல் தொடங்கிய ஸ்கந்தவரோதயாக் கல்லூரியும், 1913இல் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கென நிறுவிய இராமநாதன் கல்லூரியும் அதன் சுற்றாடலிலேயே உள்ளன. குருமுகமாகக் கற்ற காலத்தில் மாணவனின் ஆற்றலைக் குரு நேரில் கண்டறிந்தார். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் அது தானாக நடப்பதில்லை.

இலங்கையில் அந்தப் பொறுப்பைத் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை ஏற்றிருப்பதாகப் பலரும் எண்ணுகின்றனர். 1940களில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் கல்விச் சீர்திருத்தத்தோடு வந்த அத்திட்டத்தின் நோக்கம் உயர்ந்தது: கிராமத்து ஏழைப் பிள்ளையும் மத்திய கல்லூரியில் படிக்க வேண்டும். இன்று 200 புள்ளிகளுக்கான அப்பரீட்சைக்காகப் பிள்ளைகள் ரியூசன் வகுப்புகளிலும் மாதிரி வினாத்தாள்களிலும் சிறுபராயத்தைக் கழிக்கிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர் எந்தப் பாடசாலைக்குப் போகலாம் என்பதை அது தீர்மானிக்கும். தரம் 6இல் அவருக்கு எதை, எப்படிக் கற்பிப்பது என்று ஆசிரியருக்கு அது எதுவும் சொல்லாது. இரண்டு புள்ளி குறைந்து நின்றுவிட்ட பிள்ளையைப் பற்றி அதற்குப் பேச்சே இல்லை. ஆகவே நமக்கு இன்னொரு பரீட்சை வேண்டியதில்லை. ஆசிரியரைத் தேர்ச்சியுள்ளவராக்குவதே வேண்டியது.

பயிற்சி பெறாத கண் எவ்வளவு தவறவிடும் என்பதற்கு, 1959இல் பெக்னாட்டோ, பேர்ச் இருவரும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு பழைய சான்று. நுண்ணறிவுச் சோதனை மீத்திறனுடையோர் எனக் காட்டிய 91 மாணவரில் ஆசிரியர்கள் சரியாகச் சுட்டியது 41 பேரை மட்டுமே. அந்த ஆய்வின் கணிப்பு முறை ஆசிரியருக்கு அநியாயம் செய்கிறது என்று பிரான்சுவா கான்யே 1994இல் மறுத்தார். மறுப்பை ஏற்றுக்கொண்டாலும், புளோரிடாவின் புரோவர்ட் மாவட்ட அனுபவத்தை ஒதுக்க முடியாது. அங்கு 2005 முதல் தரம் 2 பிள்ளைகள் எல்லோரையும் சோதித்தபோது, ஆசிரியரும் பெற்றோரும் அதுவரை பரிந்துரைக்காத ஏழைப் பிள்ளைகள் பெருந்தொகையில் வெளிப்பட்டனர். அப்படியானால் சோதனையே போதாதா? சோதனை பிள்ளையைக் காட்டித் தரும். மறுநாள் காலை அந்தப் பிள்ளைக்குப் பாடம் எடுப்பவர் ஆசிரியரே. மெல்லக் கற்போர் இருக்கக் கெட்டிக்காரருக்கு ஏன் தனிக் கவனிப்பு என்ற கேள்வி இதைவிட நியாயமானது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ரியூசன் உண்டு, புத்தகம் உண்டு. கூலிக்குத் தோட்டஞ்செய்பவரின் பிள்ளைக்கு வகுப்பாசிரியரை விட்டால் வேறு எவருமில்லை.

பயிற்சி கற்றுத்தர வேண்டியது பெரிய வித்தையல்ல. தரம் 6இல் பின்னப் பாடம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கரும்பலகையில் இருபது கணக்குகள். விரும்பியவர்கள் கடைசி ஐந்து கடினமான கணக்குகளை முதலில் செய்யலாம் என்கிறார் ஆசிரியர். அவற்றில் நான்கைச் சரியாகச் செய்தவர் மிச்சம் பதினைந்தையும் விட்டுவிட்டு, ஐந்தில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் ஓரிடத்தில் முடிகிறதே, மூன்றில் ஒன்று ஏன் முடியாமல் நீள்கிறது என்று ஆராயலாம். இத்தகைய பாடச்சுருக்கத்தை ஆராய்ந்த சாலி ரைஸ் குழுவினர், திறமையுள்ள மாணவருக்கு வழக்கமான பாடத்தில் 40 முதல் 50 வீதத்தை நீக்கினாலும் அடைவு குறைவதில்லை என 1993இல் காட்டினர். பதினைந்து கணக்குகளையும் திரும்பத் திரும்பச் செய்யச் சலித்து 'குழப்படிகாரன்' என்று பெயரெடுத்த பையனை ஆசிரியர் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்குவதும் இங்கேதான்.

இணையவழிப் பயிற்சியில் கமராவை மூடிவைத்துவிட்டுச் சான்றிதழுக்காக மட்டும் இணைந்திருப்போர் உண்டு என்பது உண்மை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின் சூம், வட்ஸ்அப் வழியாகக் கற்பித்த ஆசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் குறை இணையத்தினுடையதா? மத்தியூ கிராஃப்ட் குழுவினர் 2018இல் 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆசிரியருக்குத் தனித்தனியே வழிகாட்டும் பயிற்சி கற்பித்தலை மேம்படுத்துவது தெளிவாயிற்று. நேரில் நடந்தவற்றுக்கும் இணையத்தில் நடந்தவற்றுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. திட்டம் பெருகப் பெருகப் பயன் குறைந்தது. எனவே முந்நூறு பேருக்கு ஒரு விரிவுரை வீண். பத்துப் பேர் கொண்ட குழு, தம் வகுப்பில் செய்து பார்த்ததை வாராவாரம் ஆசிரிய ஆலோசகரோடு பேசுவதே தகும். மொழி அடுத்த தடை. கனெக்ரிக்கட் பல்கலைக்கழகம் போன்றவற்றின் பெயர்பெற்ற படிப்புகள் ஆங்கிலத்தில் நடப்பவை. அவற்றை அப்படியே மொழிபெயர்ப்பதைவிட நம் பாடநூல்களிலிருந்து எடுத்துக்காட்டுகளை எழுதுவது நல்லது.

பெற்றோருக்குப் புள்ளியைத் தாண்டிப் பேச ஓரிடம் வேண்டும். உளவியலாளர் ஜேம்ஸ் வெப் 1981இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு மீத்திறன் பிள்ளைகளின் பெற்றோரைச் சிறு குழுக்களாகக் கூட்டி, பிள்ளையின் பதற்றம், தனிமை, தோல்விப் பயம் பற்றிப் பேசவைத்தது; இப்போது இணையத்திலும் கூட்டுகிறது. வெட்டுப்புள்ளியைத் தாண்டாத பிள்ளையை எப்படி அணைத்துக்கொள்வது என்பது சுன்னாகத்துத் தாய்தந்தையருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. கைத்தொலைபேசியில் தரவுக்குக் காசில்லாதவர்கள் சுன்னாகம் பொது நூலகத்தில் ஒன்றுகூடி ஒரே திரையில் பங்குபற்றலாம். வலிகாமம் கல்வி வலயம் தரம் 6 கணித ஆசிரியர் பத்துப் பேரோடும் அவர்களது மாணவரின் பெற்றோரோடும் ஒரு தவணைக்கு இதை நடத்திப் பார்க்கட்டும்.