போகலாமா, வேண்டாமா? – இரவுக் கடல் பந்தயங்களின் கதை

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் தஞ்சை டெல்டாவில் எல்லோர் வீட்டு வானொலியிலும் ஒரு செய்தி தவறாமல் வரும். நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது என்று. வயலில் நிற்கும் சம்பாவை நினைத்து விவசாயிக்கு வயிற்றைக் கலக்கும். கடற்கரையில் படகுகளை மேலே இழுத்துக் கட்டுவார்கள்.

இந்தக் கூண்டு விஷயம் பலருக்கும் சரியாகத் தெரியாது. எண் 1ல் இருந்து 11 வரை உண்டு. 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பல்கள் கவனமாக இருக்க வேண்டும். 3, 4 வந்தால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசலாம். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். 5க்கும் 6க்கும் உள்ள வித்தியாசம் புயலின் வலிமை அல்ல, அது துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதுதான். பகலில் கூம்பும் உருளையும் தொங்கவிடுவார்கள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1864ல் கல்கத்தாவை ஒரு பெரும்புயல் நாசம் செய்த பிறகு, 1865ல் அந்தத் துறைமுகத்தில்தான் இந்தியாவில் முதன்முதலாகப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறையே அதற்குப் பத்து வருடம் கழித்து, 1875ல்தான் பிறந்தது!

ஆக, நம் கரையில் 'கடலுக்குப் போகலாமா' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு கம்பம் இருக்கிறது, ஓர் அரசாங்கம் இருக்கிறது. ஆனால் பிழைப்புக்காக இல்லாமல் ஆசைக்காகக் கடலுக்குப் போகிறவர்களும் உலகத்தில் உண்டு. அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

பாய்மரப் பந்தயம் நமக்கு ஒன்றும் புதிதல்ல. பாக் நீரிணைக் கரையில், தொண்டிப் பக்கத்துக் கிராமங்களில், கோவில் திருவிழாவை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். ஆனால் அது பகலில், கரையில் நிற்கும் ஊர் ஜனங்களின் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் நடப்பது. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நடப்பது வேறு ரகம். நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து முப்பது நாற்பது அடிப் படகில் ஏறி, ஓர் இரவோ பல இரவுகளோ நடுக்கடலில் கழிக்கும் பந்தயம். அவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை மாலுமிகள் அல்ல. வாரநாட்களில் ஆபீஸ் போகிறவர்கள். சில பந்தயங்கள் நன்கொடைக்காகவே நடக்கும். தெரிந்தவர்களிடம் பணம் வசூலித்து, அதை ஆஸ்பத்திரிக்கோ கடல் மீட்புச் சங்கத்துக்கோ கொடுத்துவிடுவார்கள். நம் ஊரில் கிரிக்கெட் மேட்ச் வைத்து நிதி திரட்டுவது போலத்தான்.

இந்தப் பந்தயங்களில் மூத்தவற்றில் ஒன்று, பிரிட்டனின் ஃபாஸ்ட்நெட் பந்தயம். 1925ல் ஏழே ஏழு படகுகளோடு தொடங்கியது. இங்கிலாந்தின் தென்கரையில் புறப்பட்டு, அயர்லாந்துக்குத் தெற்கே கடலில் தனியாக நிற்கும் ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிக்கொண்டு, திரும்பி பிளைமவுத் துறைமுகம் வர வேண்டும் என்பதுதான் 2019 வரை இருந்த பாதை. சுமார் 600 கடல் மைல். 1979 வரை இந்தப் பந்தயத்தில் இறந்தவர் ஒரே ஒருவர், அதுவும் 1931ல். ஐம்பது வருடத்தில் ஓர் உயிர்ச் சேதம் என்றால் யாருக்குத்தான் தைரியம் வராது?

1979 ஆகஸ்ட் 11ஆம் தேதி 303 படகுகள் கிளம்பின. பிரிட்டனின் முன்னாள் பிரதமர் எட்வர்ட் ஹீத் ஒரு படகில் இருந்தார். பின்னாளில் சி.என்.என். தொலைக்காட்சியைத் தொடங்கிய டெட் டர்னர் இன்னொரு படகில். புறப்படும்போது வானம் சாதாரணமாகத்தான் இருந்தது. 13ஆம் தேதி மதிய வானிலை அறிக்கைகூடப் பலத்த காற்று என்ற அளவில்தான் சொன்னது. கடும்புயல் என்ற எச்சரிக்கை வானொலியில் வந்தது இரவில். அப்போது படகுகள் அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே, ஒதுங்க இடமில்லாத கடலில். பல படகுகளில் கரையோடு பேசும் வயர்லெஸ் கருவியே கிடையாது. விதிகள் அதைக் கட்டாயப்படுத்தவில்லை.

விடிவதற்குள் நிலைமை தலைகீழ். பந்தயத்தை முடித்தவை 85 படகுகள்தான். 194 படகுகள் பாதியில் விலகின. 24 படகுகளை அதில் இருந்தவர்களே கைவிட்டார்கள். பந்தயத்தில் வந்தவர்களில் 15 பேர் இறந்தார்கள். டர்னரின் படகு வென்றது, ஆனால் அந்த வருடம் யார் அதைப் பற்றிப் பேசினார்கள்?

மேலே சொன்ன 24ஐ இன்னொரு முறை பாருங்கள். கைவிடப்பட்ட 24 படகுகளில் உண்மையில் மூழ்கியவை 5 மட்டுமே. மீதி 19ம் பிறகு மிதந்துகொண்டிருந்த நிலையில் கிடைத்தன! படகு கவிழ்ந்து நிமிர்ந்து, உள்ளே தண்ணீர் புகுந்ததும், 'இது மூழ்கப் போகிறது' என்று முடிவு செய்து காற்றடைத்த ரப்பர் தெப்பத்துக்கு மாறினார்கள். அந்தத் தெப்பங்கள் சில கிழிந்தன, சில புரண்டன. இறந்த 15 பேரில் 7 பேரின் சாவு தெப்பங்களோடு தொடர்புடையது. அவர்கள் விட்டு வந்த படகுகளோ மூழ்காமல் பின்னால் துறைமுகத்துக்கு இழுத்து வரப்பட்டன.

கிரிமால்கின் என்ற முப்பதடிப் படகின் கதை இன்னும் கொடுமை. ஆறு பேர் போனார்கள். படகு புரண்டதில் அதன் தலைவர் கடலோடு போய்விட்டார். இரண்டு பேர் அசைவில்லாமல் கிடந்தார்கள். இறந்துவிட்டார்கள் என்று நினைத்து மீதி மூவரும் தெப்பத்தில் ஏறிவிட்டார்கள். அந்த மூவரில் ஒருவர் தலைவரின் மகன், வயது 17. மூவரையும் ஹெலிகாப்டர் காப்பாற்றியது. ஆனால் படகில் கிடந்த இரண்டு பேருக்கும் உயிர் இருந்தது. ஒருவர் கொஞ்ச நேரத்தில் இறந்தார். மற்றவர் நிக் வார்ட். தண்ணீர் நிறைந்த படகில், இறந்த நண்பரின் பக்கத்தில், வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே ஒரு முழுப்பகல் இருந்தார். மாலையில்தான் ஹெலிகாப்டர் வந்தது. இதைப் பற்றி அவர் புத்தகம் எழுதியது 2007ல்! இருபத்தெட்டு வருடம் ஆகியிருக்கிறது. விட்டுப் போனவர்களைக் குற்றம் சொல்வது சுலபம். அந்த இருட்டில், அந்த அலையில், 17 வயதுப் பையனை வைத்துக்கொண்டு வேறு என்ன முடிவு எடுத்திருக்க முடியும் என்று யோசித்தால் வாய் அடைத்துப் போகிறது.

அன்று தேடுதலில் இறங்கியவை கடற்படை ஹெலிகாப்டர்கள் மட்டுமல்ல. ஆர்.என்.எல்.ஐ. என்ற மீட்புச் சங்கத்தின் படகுகளும்தான். 1824ல் தொடங்கிய இந்தச் சங்கம் நடப்பதே நன்கொடையில். அதன் படகோட்டிகளில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். தர்மத்துக்காகப் படகு விடுகிறோம் என்று கிளம்புகிறவர்களைக் காப்பாற்ற, தர்மக்காசில் ஓடும் இன்னொரு படகு வர வேண்டியிருக்கிறது.

நன்கொடைப் பந்தயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு 'சங்க் காஸ்ட்' தெரியும். போட்ட பணம் போட்டதுதான், அது திரும்பி வராது, எனவே அடுத்த முடிவை எடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது பாடம். பேரே மூழ்கிய செலவு! பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதுவார்கள். ஆனால் படகு வாடகை கட்டியாகிவிட்டது, லீவு போட்டாகிவிட்டது, ஐம்பது பேரிடம் பணமும் வாங்கியாகிவிட்டது என்ற நிலையில், வெள்ளிக்கிழமை மாலை வானிலை அறிக்கை மோசமாக வந்தால்? 'வேண்டாம்' என்று முதலில் சொல்கிறவன் கோழை என்று பேர் வாங்குவான். நான்கு நண்பர்களும் மனதுக்குள் 'வேண்டாம்' என்று நினைத்து, மற்ற மூவருக்காக 'போகலாம்' என்று சொல்லிவிடுவதும் உண்டு. 1979ல் பாதியில் விலகிய 194 படகுகளின் பேர் எந்தக் கோப்பையிலும் இல்லை. அந்த இரவின் நல்ல முடிவுகளில் பல அவர்கள் எடுத்தவைதான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? உலகம் முழுவதும் பாய்மரப் பந்தயத்துக்கு ஒரே விதிப் புத்தகம். அதில் ஆரம்பத்திலேயே வரும் அடிப்படை விதிகளில் ஒன்று: பந்தயத்தில் கலந்துகொள்வதா, தொடர்வதா என்ற முடிவுக்குப் பொறுப்பு அந்தப் படகுக்கு மட்டுமே. ஆங்கில வாசகத்தில் முன்பு படகைப் பெண்பாலில் குறிப்பிட்டு, முடிவை 'அவளிடமே' விட்டிருந்தார்கள். நடத்துகிறவர்கள் கையைக் கழுவிக்கொள்ள வசதியான விதி என்று தோன்றும். பாதி உண்மைதான்.

அந்தப் பாதி எவ்வளவு தூரம் செல்லும் என்பது ஆஸ்திரேலியாவில் தெரிந்தது. 1998 டிசம்பர் 26. சிட்னியிலிருந்து ஹோபார்ட் வரை போகும் பந்தயத்துக்கு 115 படகுகள். கிளம்பி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வானிலைத் துறை எச்சரிக்கையை ஒரு படி உயர்த்தியது. பந்தயம் நிறுத்தப்படவில்லை. முடித்தவை 44 படகுகள். 6 பேர் இறந்தார்கள், 55 பேர் கடலிலிருந்து மீட்கப்பட்டார்கள், 5 படகுகள் மூழ்கின. 2000ல் வந்த மரண விசாரணை அறிக்கை, பந்தயம் நடத்தியவர்கள் தங்கள் பொறுப்பைத் தட்டிக் கழித்தார்கள் என்றே சொன்னது. விசாரணையில் இன்னொரு விஷயமும் வெளிவந்தது. வானிலை அறிக்கையில் வரும் எச்சரிக்கைச் சொற்களில் எது பெரியது, எது சின்னது என்று படகோட்டிகள் பலருக்குக் குழப்பம். அறிக்கையில் சொல்வது சராசரிக் காற்று வேகம், இடையிடையே அடிக்கும் வீச்சு அதைவிட 40 சதவிகிதம் கூடுதலாக இருக்கலாம் என்பதும் பலர் மனதில் இல்லை. நாம் ஐந்தாம் எண்ணைவிட ஆறாம் எண் கூண்டு பலமான புயல் என்று நினைத்துக்கொள்வது போல!

அதன் பிறகு அந்தப் பந்தயத்தில் ஓர் அருமையான ஏற்பாடு வந்தது. கிரீன் கேப் என்ற முனையைத் தாண்டி, பயங்கரமான பாஸ் ஜலசந்திக்குள் நுழையும் முன், ஒவ்வொரு படகும் வயர்லெஸ்ஸில் பேச வேண்டும். படகும் ஆட்களும் நல்ல நிலையில் இருக்கிறோம், யோசித்துத்தான் மேலே போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். சும்மா ஒரு வாக்கியம்தான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் படகில் உள்ளவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டுமே!

புயல் இல்லாத இரவும் ஆளைக் கொல்லும். 2012 ஏப்ரலில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலிருந்து மெக்சிகோவின் என்செனாடாவுக்குப் போகும் பந்தயத்தில் ஏஜியன் என்ற 37 அடிப் படகு, நள்ளிரவுக்குப் பின் ஒரு தீவின் பாறையில் நேராகப் போய் மோதியது. நான்கு பேரும் இறந்தார்கள். 65 வருடப் பந்தய வரலாற்றில் முதல் சாவு. செயற்கைக்கோள் கருவி பதிவு செய்த பாதை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போலத் தீவை நோக்கிப் போகிறது. அந்த நேரத்தில் சரியான காவல் பார்வை இல்லை என்பதுதான் விசாரணைக் குழு வந்த முடிவு. இரவுப் பந்தயத்துக்குப் போவதா என்று பேசும் நண்பர்கள் காற்றைப் பற்றியும் பாயைப் பற்றியும் பேசுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யார் முழித்திருப்பது என்ற பேச்சு கடைசியில்தான் வரும்.

நாகப்பட்டினத்துக்குத் திரும்புவோம். 1952லும் 1977லும் புயல் இந்தக் கரையைத்தான் கிழித்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, கடலுக்குப் போகாதீர்கள் என்ற எச்சரிக்கை நாட்கணக்கில் முன்பே வந்துவிட்டது. பட்டுக்கோட்டை, பேராவூரணியில் தென்னைகள் தலைகுப்புறக் கிடந்தன. ஆனால் போகலாமா என்ற கேள்விக்கு நேரத்தில் பதில் கிடைத்திருந்தது. அந்தப் பதிலுக்கு மீனவர் கொடுக்கும் விலை அன்றைய சோறு. பந்தயக்காரருக்குப் போகும் செலவு ஒரு லீவு நாள்.

அதற்கு முந்தைய வருடம் ஓகி. 2017 நவம்பர் 30ஆம் தேதி குமரிக் கடலில் அது புயலாக மாறியபோது, பல நாள் தங்கி மீன் பிடிக்கும் படகுகள் எப்போதோ கிளம்பி ஆழ்கடலில் இருந்தன. கரையில் என்ன சொன்னாலும் அவர்கள் காதுக்கு எட்டவில்லை. 1979ல் வயர்லெஸ் இல்லாமல் அயர்லாந்துக்குத் தெற்கே கடலில் இருந்த படகுகளின் அதே நிலைமை, 38 வருடம் கழித்து. அதன் பின்னரே, இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் உருவான, ஆழ்கடலிலும் செய்தி அனுப்பவும் பெறவும் உதவும் செயற்கைக்கோள் கருவிகளைத் தமிழகப் படகுகளில் பொருத்தத் தொடங்கினார்கள்.

கூண்டு எண்களில் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டாயிற்று, பதினொன்று. பத்துக்கு மேல் என்பதால் அதுதான் ஆகப்பெரிய புயல் என்று பலரும் நினைப்பார்கள். இல்லை. வானிலை மையத்தோடு எல்லாத் தொடர்பும் அறுந்துவிட்டது, ஆனாலும் மோசமான வானிலை வரப்போகிறது என்று துறைமுகத்தில் இருக்கும் அதிகாரி தானே பார்த்து முடிவு செய்தால் ஏற்றுவது அது.