மக்காவு: நில வாடகை முதல் ஆட்சிக் கையளிப்பு வரை – இறையாண்மை குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தென்சீனக் கடற்கரையில் அமைந்த மக்காவு, 1557 முதல் 1999 வரை போர்த்துக்கீசியரின் இருப்பைக் கண்ட சிறு நகரமாகும். இந்நெடுங்காலம் முழுவதையும் 'குடியேற்ற ஆட்சி' என்னும் ஒரே சொல்லால் குறிப்பது பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இறையாண்மை மூன்று நிலைகளில் வேறுவேறு வடிவம் பெற்றது என்பதும், எந்நிலையிலும் நகர மக்களின் ஒப்புதல் கேட்கப்படவில்லை என்பதும் இதன் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: மக்காவு, போர்த்துக்கல், இறையாண்மை, நில வாடகை, ஆட்சிக் கையளிப்பு.

முன்னுரை

இன்று மக்காவின் பரப்பு ஏறத்தாழ 33 சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 6.8 இலட்சம். சதுர கிலோமீட்டருக்கு 20,000 பேருக்கு மேல் வாழும் இந்நகரம் உலகின் மிக நெருக்கமான குடியிருப்புகளுள் ஒன்று. இந்நிலப்பரப்பின் பெரும்பகுதி கடலைத் தூர்த்துப் பெறப்பட்டது. நிலமே அரிதான இவ்வூரில், அந்நிலம் யாருடையது என்ற வினா நான்கு நூற்றாண்டுகள் தெளிவான விடையின்றி இருந்தது.

வாடகைக் காலம்

போர்த்துக்கீசியர் மக்காவைப் போரிட்டு வென்றெடுக்கவில்லை. மிங் அரசின் அதிகாரிகள் இசைந்ததால் அங்குத் தங்கினர். அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 500 தேல் எடையுள்ள வெள்ளி நில வாடகையாகச் செலுத்தப்பட்டது. சீன மண்ணோடு தீவக்குறையை இணைத்த குறுகிய நிலப்பகுதியில் சீனர் வாயில் அமைத்து, உணவுப்பொருள் வரவைக் கட்டுப்படுத்தினர். சீனக் குடிகள்மீதான நீதி அதிகாரமும் சுங்கம் தண்டும் உரிமையும் சீன அதிகாரிகளிடமே இருந்தன. 1583இல் தோன்றிய செனட் என்னும் நகரமன்றம் போர்த்துக்கீசியரின் உள்விவகாரங்களைக் கவனித்தது. நகரம் கோவா அரசப் பிரதிநிதியின் ஆளுகைக்கும் உட்பட்டிருந்தது.

சீனப் பட்டையும் சப்பானிய வெள்ளியும் பரிமாறப்பட்ட நாகசாகி வணிகம் நகரின் செல்வத்திற்கு அடிப்படையாயிற்று. 1622இல் ஒல்லாந்தரின் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. எனினும் 1639இல் சப்பான் போர்த்துக்கீசியக் கப்பல்களைத் தடைசெய்ததும், 1641இல் மலாக்கா ஒல்லாந்தர் வசமானதும் அவ்வணிகத்தைச் சிதைத்தன. அதன் பின்னரும் நகரம் நிலைத்தமைக்குச் சீன அரசின் இசைவே முதன்மையான காரணம்.

உரிமை கோரிய காலம்

அபினிப் போரில் சிங் பேரரசு தோற்று, ஆங்காங் பிரித்தானியர் கைக்குச் சென்றபின் போர்த்துக்கல் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. 1844இல் மக்காவு கோவாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1846இல் ஆளுநராக வந்த ஃபெரெய்ரா டோ அமரல் சீனர்மீது வரி விதித்தார். நில வாடகையை நிறுத்தினார். 1849இல் சீனச் சுங்கச்சாவடியை அகற்றினார். சாலை அமைக்கக் கல்லறைகளும் அகற்றப்பட்டமை சீனரின் சினத்தை மிகுவித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் கொல்லப்பட்டார்.

1887ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சீனா, போர்த்துக்கல்லின் நிலையான ஆட்சியுரிமையை ஏற்றது. ஆயினும் சீனாவின் இசைவின்றி மக்காவைப் பிறருக்கு வழங்கலாகாது என்ற நிபந்தனையும் அதில் இடம்பெற்றது; எல்லைகளும் வரையறுக்கப்படவில்லை. தன் விருப்பப்படி கையளிக்க இயலாத நிலத்தின்மீதான உரிமையை முழு இறையாண்மை எனக் கொள்வது கடினம்.

இக்காலத்தில் நகரின் வருவாய்க்கு இரு வழிகள் உதவின. ஒன்று, கியூபாவுக்கும் பெருவுக்கும் சீனக் கூலிகளை ஏற்றியனுப்பிய வணிகம். ஏமாற்றும் கடத்தலும் மலிந்த அது 1874இல் முடிவுக்கு வந்தது. மற்றொன்று, உரிமம் பெற்ற சூதாட்டம். அது இன்றளவும் நகரப் பொருளாதாரத்தின் அடித்தளமாக உள்ளது. 2006இல் மக்காவின் சூதாட்ட வருவாய் லாஸ் வேகாசின் வருவாயை விஞ்சியது.

நிருவாகக் காலம்

தைப்பாவில் பள்ளிக் கட்டடம் குறித்து எழுந்த பூசல் 1966 டிசம்பர் 3இல் பெருங்கிளர்ச்சியாக வெடித்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1967 சனவரி 29இல் ஆளுநர் சீன வணிகச் சங்கத்திற்குச் சென்று மன்னிப்பு ஆவணத்தில் கையொப்பமிட்டார். அதன்பின் ஆட்சி பெயரளவினதாயிற்று.

1972இல் சீனாவின் வேண்டுகோளுக்கிணங்க, தன்னாட்சி பெறாத நிலப்பகுதிகளின் பட்டியலிலிருந்து ஆங்காங்கும் மக்காவும் ஐக்கிய நாடுகள் அவையால் நீக்கப்பட்டன. குடியேற்ற நாடுகளுக்குரிய தன்னுரிமைத் தீர்வு இதனால் மக்காவுக்கு அடைபட்டது. போர்த்துக்கல்லின் 1976ஆம் ஆண்டு அரசியலமைப்பும் மக்காவைத் தன் நாட்டுப் பகுதியாகக் கருதாது, தன் நிருவாகத்திலுள்ள நிலமாக மட்டுமே குறித்தது. 1987 ஏப்ரல் 13இல் இரு அரசுகளும் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. 1999 டிசம்பர் 20இல் ஆட்சி சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

முடிவுரை

வாடகைக்குடி, உரிமை கோரிய ஆட்சியாளர், பொறுப்பு நிருவாகி என மூன்று நிலைகளைப் போர்த்துக்கல் மக்காவில் வகித்தது. 'குடியேற்ற ஆட்சி' என்னும் சொல் இடைநிலைக்கு ஓரளவு பொருந்துகிறது. முதல் நிலைக்கும் இறுதி நிலைக்கும் பொருந்தவில்லை. அதேவேளையில், குடியேற்றம் அன்று என விலக்கிவிடுவதும் நடுநிலையான முடிவாகாது. 1972இல் அச்சொல் நீக்கப்பட்டபோது, அதனோடு பிணைந்த தன்னுரிமையும் நீங்கியது. சொல்லாட்சி பற்றிய வினா இங்கு மக்களின் உரிமை பற்றிய வினாவும் ஆகிறது. 1887, 1972, 1987 ஆகிய மூன்று முடிவுகளும் அரசுகளுக்கிடையே எடுக்கப்பட்டன. அந்நெருக்கமான தெருக்களில் வாழ்ந்தோர் அவற்றுள் எதிலும் தரப்பினராக இல்லை. மக்காவின் வரலாற்றை இறையாண்மையின் வரலாறாக மட்டுமன்றி, ஒப்புதல் இன்மையின் வரலாறாகவும் வாசித்தல் வேண்டும்.