எங்கள் வாலாஜா எது?

போன மாதம் என் பேரன் பள்ளிக்கூடத்தில் "எங்கள் ஊர்" என்று இரண்டு பக்கம் எழுதி வரச் சொன்னார்கள். செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு வந்து நின்றான். "தாத்தா, வாலாஜான்னு போட்டா வேற ஏதோ ஊரு வருது. ராணிப்பேட்டை பக்கமாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்து மூன்று வருடம் தபால் இலாகாவில் வேலை பார்த்தவன் நான். இந்தக் குழப்பம் எனக்குப் புதிதில்லை. அந்தக் காலத்தில் வெளியூர்க்காரர்கள் கவரின் மேல் "வாலாஜா" என்று மட்டும் எழுதிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். கடிதம் வாலாஜாபேட்டைக்குப் போய்ச் சுற்றிவிட்டு நிதானமாக நம் ஊருக்கு வரும். கல்யாணப் பத்திரிகை, கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தும் முடிந்தபின் வந்து சேர்ந்ததை நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். 1972 ஆகஸ்டு 15-ல் பின்கோடு வந்தபிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டோம். நமக்கு 631605. அவர்கள் 632-ல் தொடங்குகிறவர்கள்.

இரண்டு ஊருக்கும் பெயர் கொடுத்தவர் ஒரே ஆள்தான். ஆற்காட்டு நவாப் முகமது அலி. 1765-ல் டெல்லி பாதுஷா ஷா ஆலம் அவருக்கு "வாலா ஜா" என்று பட்டம் கொடுத்தார். உயர்ந்த அந்தஸ்து உடையவர் என்று பொருள். "ஆபாத்" என்றால் குடியேற்றம். சென்னையில் வாலாஜா சாலை, வாலாஜா பள்ளிவாசல், 1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்தில் இருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் போய் நின்ற வாலாஜா ரோடு ஸ்டேஷன், எல்லாம் அவர் பெயர்தான்.

அந்தஸ்து உயர்ந்ததே தவிர நவாபின் கை எப்போதும் கடன்பட்ட கைதான். கும்பினிக்காரன் படை கொடுத்து அவரைக் காப்பாற்றுவான். அதற்கு இவர் நிலம் கொடுப்பார். இன்றைய காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரம் முழுவதும் அப்படி 1763-ல் கும்பினிக்குப் போனதுதான். "செங்கல்பட்டு ஜாகீர்" என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். ஆக, கைவிட்டுப்போன மண்ணில் இருக்கிற ஊர் அவர் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. அவர் 1795-ல் காலமாகி, திருச்சியில் நத்தர்வலி தர்காவில் அடக்கமாகியிருக்கிறார்.

கும்பினிப் படைக்கு இந்த இடம் பிடித்துப்போனதற்குக் காரணம் வரைபடத்தைப் பார்த்தால் விளங்கும். தெற்கே பாலாறு. மேற்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் காஞ்சிபுரம். கிழக்கே செங்கல்பட்டு. வடக்கே தென்னேரி, இளந்திரையன் வெட்டியதாகச் சொல்லப்படும் திரையனேரி. தண்ணீர், தீவனம், நாலா பக்கமும் வழி. பக்கத்திலேயே புள்ளலூர். 1780 செப்டம்பர் 10-ந்தேதி திப்பு சுல்தான் கர்னல் பெய்லியின் படையை அங்கேதான் அழித்தார். ராக்கெட்டுகள் பறந்த அந்தச் சண்டையை ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரிய ஓவியமாகவே தீட்டி வைத்திருக்கிறார்கள். நம்மவர்களில் எத்தனை பேர் புள்ளலூருக்குப் போய் அங்குள்ள இரண்டு கல்தூண்களைப் பார்த்திருப்போம்? நான் போனது ரிட்டயர் ஆன பிறகுதான்.

இப்படியாக இது ஒரு தண்டு இறங்கிய ஊர், அதாவது கண்டோன்மெண்ட். 1806 ஜூலை 10-ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தது எல்லோருக்கும் தெரியும். தொப்பி மாதிரியான புதுத் தலைப்பாகை வைக்க வேண்டும், நெற்றியில் விபூதி நாமம் கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவால் வந்த கொதிப்பு அது. அதே கொதிப்பு வாலாஜாபாத் பாசறையிலும் இருந்தது. பாடப்புத்தகத்தில் வேலூர் பெரிதாக இருக்கிறது, நாம் அப்படி இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு இந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. உடம்புக்கு ஆகாத இடம் என்று பெயர் எடுத்தது. பிறகு தண்டும் கலைந்தது. படை போனபின் ஊர் காலியாகிவிடவில்லை. நெசவும் நெல்லும் வியாபாரமும் அதைத் தாங்கின. செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில் பாதை வந்தது.

இந்த இடத்தில் ஆற்றோடு கொஞ்சம் கீழே போக வேண்டும். செங்கல்பட்டு சாலையில் பழையசீவரம். எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கலக்கிற இடம். அங்குள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 1063-ல் இருந்து 1070 வரை ஆண்டவன் அவன். கோயிலோடு சேர்ந்து ஒரு வேத பாடசாலை, மாணவர் விடுதி, ஓர் ஆஸ்பத்திரி எல்லாம் நடந்ததைக் கணக்கு வழக்கோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் பெயர் வீரசோழன் ஆதுலசாலை. பதினைந்து படுக்கை. வைத்தியர் பெயர் கோதண்டராமன் அஸ்வத்தாம பட்டன். அறுவை செய்ய ஓர் ஆள். மூலிகை கொண்டுவர, விறகு கொண்டுவர ஆட்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், நாவிதர். நோயாளிக்குத் தினம் நாழி அரிசி. ராத்திரி விளக்குக்கு எண்ணெய். விடுதிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தலை முழுக எண்ணெய் தரவேண்டும் என்பது வரைக்கும் எழுதியிருக்கிறது!

எழுநூறு வருடம் கழித்து இதே ஆற்றங்கரையில்தான் கும்பினிக்காரனின் ஆட்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். இதைச் சொன்னதும் பேரன் கண்ணை விரித்தான். "இதையே எழுதட்டுமா தாத்தா?" என்றான். எழுதுடா என்றேன்.

ஆனால் எங்கள் வீட்டில் வேறொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. என் மகன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அங்கே ஜப்பான்காரர் ஒருவர் இருக்கிறார். "உங்கள் ஊர் எப்படிப்பட்டது?" என்று அவர் கேட்டிருக்கிறார். விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் கிளம்பி, இருட்டினபின் வந்து சாப்பிட்டுப் படுப்போம் என்று இவன் சொல்ல, "ஓ, பெட் டவுன்!" என்றாராம். பெரிய நகரத்தில் வேலை பார்க்கிறவர்கள் தூங்குவதற்கென்று இருக்கும் புறநகருக்கு ஜப்பானில் அதுதான் பெயராம். டோக்கியோவுக்கு மேற்கே தாமா நியூ டவுன் என்று ஒன்றை 1971-ல் இருந்து குடியேற்றினார்களாம். இப்போது அங்கே கிழவர்கள்தான் மிச்சம், பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடங்களை மூடியிருக்கிறார்கள் என்றும் சொன்னாராம்.

மகன் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. "படுக்கை ஊரா நம்ம ஊரு?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்கப்பா. பகல்ல தெருவுல பாருங்க, நீங்களும் உங்க கூட்டாளிங்களும்தான இருக்கீங்க" என்றான்.

பொய் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கொரியாக்காரன் கார் செய்யத் தொடங்கினான். 2010-ல் ஒரகடத்தில் நிசான் வந்தது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலை அகலமாக அகலமாக நம் காலை நேரம் சுருங்கிவிட்டது. முன்பு முத்தியால்பேட்டை, அய்யம்பேட்டை பக்கம் விடியலில் நடந்தால் தெருவில் பாவு நீட்டி இழை சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். குழித்தறியில் கால்மிதி சத்தம் வீட்டுக்கு வீடு கேட்கும். என் சிநேகிதர் ஒருவர் ஐம்பது வருடம் பட்டுத்தறியில் உட்கார்ந்தவர். அவருடைய இரண்டு பிள்ளைகளும் இன்று அடையாள அட்டை மாட்டிக்கொண்டு ஐந்து மணிக்கே பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். மாதச் சம்பளம், பி.எஃப். இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவரே சொல்வார்: "என் முழங்கால் எனக்குத்தான் தெரியும், அதுங்க தப்பிச்சிதுங்க."

நமது ரயில் நிலையத்தைப் பாருங்கள். மீட்டர் கேஜ் வண்டியில் ஜன்னல் ஓரம் பிடித்துச் செங்கல்பட்டுக்குப் போன நமக்கு, அங்கிருந்து புத்தம்புதுக் கார்களைக் கூட்ஸ் வண்டியில் ஏற்றி வடக்கே அனுப்புவதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் பீகார், ஒடிசா பையன்கள் கூட்டம். நம் வீட்டு மாடிகளில் வாடகைக்கு இருக்கிறவர்கள் அவர்கள். ஊர் எப்போதுமே யாரோ ஒருவர் தங்கிப் போகிற இடமாகத்தான் இருந்திருக்கிறது. பொங்கலையொட்டிப் பார்வேட்டைக்குப் பழையசீவரம் மலைக்குப் போகிற காஞ்சி வரதரும் நம் ஊர் வழியாகத்தான் போகிறார்.

எனக்குக் கவலை வேறு. ஆறு. நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடி வருகிற பாலாறு நம்மிடம் பெரும்பாலும் மணலாகத்தான் வரும். இருந்தாலும் என் சின்ன வயதில் மணலைக் கையால் ஒரு முழம் பறித்தால் ஊற்று. தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பி என் அம்மா எடுத்து வருவாள். பிறகு லாரி லாரியாக மணல் போயிற்று, ஊற்றும் கூடவே போயிற்று. தூங்க மட்டும் ஊருக்கு வருகிறவனுக்கு ஆறு போனது எப்படித் தெரியும்?

இதை மகனிடம் சொல்லியும் விட்டேன். அவன் பதில் பேசவில்லை. ஆனால் 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அவளூர் தரைப்பாலம் உடைந்ததே, அன்றைக்கு நடந்ததை அவன்தான் ஞாபகப்படுத்தினான். செய்தி கேட்டு அவன் அன்று லீவு போட்டான். என்னைப் பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கரைக்கு அழைத்துப் போனான். போலீஸ்காரர்கள் கிட்டே விடவில்லை. பாதி ஊர் அங்கே நின்றிருந்தது. கம்பெனிச் சட்டையோடு எத்தனை பையன்கள்! கரைக்குக் கரை செம்மண் தண்ணீர். என் பக்கத்தில் நின்ற ஒரு கிழவி செருப்பைக் கழற்றிவிட்டு ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பேரன் கட்டுரையில் இதைத்தான் கடைசியில் எழுதியிருக்கிறான். மேலே, கொட்டை எழுத்தில், நான் சொல்லாமலேயே 631605 என்றும் போட்டிருக்கிறான்.