கிராணியின் ஏடு முதல் கணிப்பொறி வரை: பினாங்கின் உற்பத்தித் திட்ட வரலாறு

செபராங் பிறையின் தென்பகுதியில் பத்து காவான் என்னும் ஊர் அமைந்துள்ளது. 2014 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற, ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுடைய இரண்டாம் பினாங்குப் பாலம் பெருநிலத்தைத் தொடும் இடம் இதுவே. பாலத்தைக் கடந்து வருவோர் அங்கே பெரியதொரு தொழிற்பேட்டையைக் காண்பர். அதே மண்ணில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பு விளைந்தது. அதனை வெட்டிச் சுமந்தவருள் தமிழர் பலர். கரும்பு மறைந்து நெடுங்காலம் ஆயினும், பத்து காவான் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்னும் பெயர் அவ்வரலாற்றுக்குச் சான்றாக இன்றும் நிற்கிறது.

கரும்பாலைக்கும் இன்றைய இயந்திரத் தொழிற்சாலைக்கும் தோற்றத்தில் ஒற்றுமை யாதும் இல்லை. ஆயினும் இரண்டையும் நடத்துவது ஒரே வினாதான்: எந்தப் பொருள், எத்தனை, எந்நாளில், எவர் கையில் இருத்தல் வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காண்பதே உற்பத்தித் திட்டம் எனப்படும். அவ்விடையை எழுதியவர் யார், அதன்படி உழைத்தவர் யார் என்று நோக்கினால், பினாங்கின் தொழில் வரலாறு புதியதொரு தெளிவுடன் விளங்கும்.

கரும்பும் காலமும்

வெட்டிய கரும்பு காத்திராது. இரண்டொரு நாளுக்குள் ஆலையில் பிழியாவிடின் சாற்றின் இனிமை குன்றும். எனவே ஆலை ஒரு நாளில் எவ்வளவு பிழியுமோ அவ்வளவே வயலில் வெட்டப்படல் வேண்டும். மிகுதியாக வெட்டினால் கரும்பு கெடும். குறைவாக வெட்டினால் நீராவி இயந்திரம் வீணே எரியும். ஆலையின் அளவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, வெட்டுவோர் தொகை, வண்டிகளின் தொகை, விறகின் அளவு ஆகியவற்றை வரையறுப்பதே தோட்ட நிருவாகத்தின் அன்றாடப் பணியாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரின் விலை ஏறவே, கரும்பு நின்ற இடங்களில் ரப்பர் நின்றது. ஒப்பந்தக் கூலி முறையும் 1910 ஆம் ஆண்டில் மலாயாவில் ஒழிக்கப்பெற்றது. எனினும் கணக்கின் அமைப்பு மாறவில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணப்படும்; கிராணி செக்ரோலில் பெயரைக் குறிப்பார்; மண்டோர் ஆட்களை நிரைகளுக்கு அனுப்புவார். கிராணிமாருள் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் மிகுதி. ஆனால் ஏட்டை எழுதியவர் கிராணி எனினும் அதிலுள்ள அளவுகளை வகுத்தவர் துரை. தொழிலாளி அந்த ஏட்டில் ஒரு பெயராகவும் ஒரு கோடாகவும் மட்டுமே இடம்பெற்றார்.

திட்டம் தனித் தொழிலானது

இவ்வாறு வகுப்பவரும் செய்பவரும் பிரிந்து நிற்பது தோட்டத்திற்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. அமெரிக்க இயந்திரப் பட்டறைகளில் முன்னாளில் தேர்ந்த கடைசல்காரரே தம் வேலையின் வரிசையைத் தாமே முடிவு செய்தனர். பிரெடரிக் டெய்லர் என்பார் இதனை மாற்ற முனைந்தார். 1903 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், சிந்திக்கும் வேலையைப் பட்டறையிலிருந்து பிரித்துத் திட்ட அலுவலகம் ஒன்றில் சேர்த்தல் வேண்டும் என்று அவர் வாதிட்டார். அவருடன் பணியாற்றிய ஹென்றி காண்ட், எந்த வேலை எந்நாளில் தொடங்கி எந்நாளில் முடியும் என்பதைப் பட்டைக் கோடுகளால் காட்டும் அட்டவணையைப் பரப்பினார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. 1913 இல் ஹென்றி போர்டின் ஆலையில் நகரும் பொருத்து வரிசை அமைந்தபோது, ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பொருத்துவதற்குப் பன்னிரண்டு மணிக்கு மேல் பிடித்த நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணியாகச் சுருங்கியது.

ஒரே வகைக் காரைச் செய்யும் ஆலைக்கு இம்முறை போதுமானது. பலவகை இயந்திரங்களைச் செய்யும் ஆலையின் தொல்லையோ வேறு. ஓர் இயந்திரத்திற்குப் பத்துப் பாகங்கள் வேண்டும் என்று கொள்வோர் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு பாகமும் கிடங்கில் இருப்பதற்குரிய வாய்ப்பு நூற்றுக்கு 90 எனின், பத்தும் ஒருங்கே இருப்பதற்குரிய வாய்ப்பு நூற்றுக்கு 35 அளவே ஆகும். கையிருப்புக் குறைந்தபோது வாங்கி நிரப்புவது என்னும் பழைய முறை ஏன் அடிக்கடி தவறியது என்பது இதனால் விளங்கும். கிடங்கு நிறைந்திருக்கும், ஆயினும் ஒரு திருகாணி இன்மையால் இயந்திரம் அரைகுறையாக நிற்கும்.

இதற்கு வழி கண்டவருள் முதன்மையானவர் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் ஆர்லிக்கி. பாகங்களின் தேவையை ஊகிக்க வேண்டுவதில்லை, முழுப்பொருளின் தேவையிலிருந்து கணக்கிட்டே அறியலாம் என்பது அவர் கொள்கையின் சாரம். 1960களில் உருப்பெற்ற இம்முறையை 1975 இல் அவர் நூலாக வெளியிட்டார். மூலப்பொருள் தேவைத் திட்டம் என்று இதனைத் தமிழில் கூறலாம்.

பினாங்குத் தமிழர்க்கு இக்கணக்கு புதியது அன்று. தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தல் அமைப்போர் இதனையே செய்கின்றனர். பூசநாள் அசையாது. அந்நாளில் இத்தனை ஆயிரம் பேருக்கு உணவு என்று முடிவாகுமானால், அரிசி இத்தனை மூட்டை, பருப்பு இத்தனை கிலோ என்பது தானே வரும். காய்கறி முதல்நாள், மளிகை முன்வாரம், பந்தலுக்கும் பாத்திரத்திற்கும் சொல்லி வைப்பது முன்மாதம் என நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படும். சென்ற ஆண்டு மிஞ்சிய தட்டுகள் கழிக்கப்படும். பாகப் பட்டியல், கையிருப்பு, கெடுநாள், கொள்முதலுக்கு வேண்டிய கால அளவு ஆகிய நான்குமே ஆர்லிக்கியின் முறைக்கும் அடிப்படை. பந்தலில் பொருள்கள் சில பத்து. ஆலையில் அவை பல்லாயிரம். ஆதலின் மனிதர் கையால் முடியாத பெருக்கலும் கழித்தலும் கணிப்பொறிக்கு உரியவாயின. 1956 இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் என்னும் தட்டு நினைவகப் பொறி, வேண்டிய பதிவை வேண்டியவுடன் எடுக்கும் வசதியைத் தந்து இதற்கு வழி திறந்தது.

1972 ஆம் ஆண்டு

பினாங்கு நெடுங்காலம் தீர்வையில்லாத் துறைமுகமாக வாழ்ந்தது. 1969 இல் அவ்வுரிமை போயிற்று. வேலையற்றோர் தொகை உழைப்பாளர் தொகையில் நூற்றுக்கு 15 என்னும் அளவை எட்டியது. அவ்வாண்டு முதலமைச்சரான மருத்துவர் லிம் சோங் இயூ 1990 வரை அப்பதவியில் இருந்தார். பினாங்கு வளர்ச்சிக் கழகம் 1969 இல் நிறுவப்பெற்றது. 1972 இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிக வட்டாரம் தொடங்கிற்று. நேஷனல் செமிகண்டக்டர், இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்ட், லிட்ரோனிக்ஸ், போஷ், ஹிட்டாச்சி, கிளாரியன் ஆகிய முதல் எட்டு நிறுவனங்களை 'எட்டுச் சாமுராய்' என்று பினாங்கு மக்கள் குறிப்பிடலாயினர். அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் அமைத்த முதல் பொருத்து ஆலை இதுவே.

அதே 1972 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து விலகிய ஐவர் சேப் என்னும் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினர். கணக்கு, கிடங்கு, கொள்முதல், உற்பத்தி ஆகியவற்றை ஒரே ஏட்டில் இணைக்கும் மென்பொருள்களால் அது பின்னர் உலகெங்கும் பரவியது. இவ்விரு தொடக்கங்களும் ஒன்றையொன்று அறியாதவை. ஆயினும் பாயான் லெப்பாசின் ஆலைகள் தொலைவிலிருந்து வகுக்கப்படும் திட்டத்தின்படி இயங்குவதற்கு இத்தகைய கணிப்பொறிக் கணக்கே துணை நின்றது. சில்லுகள் வெளிநாட்டில் வடிவமைக்கப்பட்டன, பினாங்கில் பொருத்தப்பட்டன, மீண்டும் விமானமேறின. எத்தனை, எப்போது என்பதைத் தலைமையகம் முடிவு செய்தது. நுண்ணோக்கியின்முன் அமர்ந்த இளம்பெண்கள் அந்த எண்ணிக்கையை நிறைவேற்றினர். அவர்களுள் பெரும்பான்மையோர் மலாய்ப் பெண்கள். தமிழ்ப் பெண்களும் இருந்தனர். துரையின் ஏடு போய்த் தலைமையகத்தின் ஏடு வந்தது எனலாம்.

பட்டறைகளின் எழுச்சி

இந்நிலை மாறத் தொடங்கியது சில்லு ஆலைகளுக்குள் அன்று; அவற்றைச் சுற்றியிருந்த சிறிய இயந்திரப் பட்டறைகளில். ஆலைகளுக்குப் பிடிகருவிகளும் அச்சுகளும் மாற்று உறுப்புகளும் நாள்தோறும் வேண்டியிருந்தன. அவற்றைக் கடல்கடந்து வரவழைப்பின் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். 1980களில் ஆலைகள் ஜப்பானிய முறையைக் கைக்கொண்டபோது இத்தேவை பெருகியது. வேண்டிய பொருள் வேண்டிய நேரத்தில் மட்டும் வரல் வேண்டும் என்பது டொயோட்டா நிறுவனத்தின் தாயிச்சி ஓனோ வளர்த்த நெறி. கிடங்கைச் சுருக்கும் ஆலைக்குப் பொருள் தருவோர் அருகிலேயே இருத்தல் இன்றியமையாதது. மலேசியப் பொருளியலறிஞர் இராஜா இராசையா 1994 இல் கேம்பிரிட்ஜ் பொருளியல் இதழில் எழுதிய ஆய்வுக் கட்டுரை, பன்னாட்டு மின்னணு நிறுவனங்களின் நெகிழ்வான உற்பத்தி முறைக்கும் உள்ளூர் இயந்திரப் பட்டறைகளின் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தது.

பட்டறையின் திட்டம் பேராலையின் திட்டத்தினும் கடினமானது. பேராலை ஒரே பொருளை இலட்சக்கணக்கில் செய்யும். பட்டறையோ நூறு வகைப் பொருளை ஐந்தும் பத்துமாகச் செய்யும். ஒன்று முதலில் கடைசலுக்கும் பின் துளையிடலுக்கும் செல்லும்; மற்றொன்று மில்லிங் முடிந்து, பதமிடலுக்கு வெளியே சென்று, மீண்டும் தேய்ப்புக்கு வரும். எல்லாம் ஒரே தேய்ப்பு இயந்திரத்தின்முன் வந்து குவியுமாயின், மற்றைய ஒன்பது இயந்திரங்களும் விரைந்து ஓடுவதால் பயன் இல்லை. இவ்வரிசையை உரிமையாளரும் மூத்த பிட்டரும் நினைவிலேயே வைத்திருந்தனர். ஐந்து இயந்திரங்கள் உள்ளவரை நினைவு போதும். ஐம்பது ஆனபோது அது தவறும், கெடுநாள் தவறும், கெடுநாள் தவறிய பட்டறைக்கு அடுத்த வேலை வராது.

இந்த இடத்திலேதான் உற்பத்தித் திட்ட மென்பொருள் பட்டறைக்குள் புகுந்தது. வந்த வேலை, அதன் வரைபடம், பாகப் பட்டியல், செய்முறை வரிசை, ஒவ்வோர் இயந்திரத்தின் சுமை, ஆன செலவு ஆகியவற்றை அது ஒரு தொடராகக் கோக்கும். புதிய வேலை ஒன்று வரும்போது எந்நாளில் முடித்துத் தரலாம் என்பதை உரிமையாளர் மதிப்பாகச் சொல்லாது, கணக்கிட்டுச் சொல்ல இயலும்.

ஏட்டின் குறையும் கையின் அறிவும்

எனினும் மென்பொருள் தானே மெய் காணாது. கிடங்கில் 40 உருளைத் தாங்கிகள் இருக்கையில் ஏட்டில் 60 என்று பதிவாகியிருந்தால், அது 60 என்றே கணக்கிடும். பிழையைப் பெரிய அளவில், விரைவாகச் செய்யும். ஒரு வேலைக்கு உண்மையில் ஆகும் நேரத்தை அறிந்தவர் இயந்திரத்தருகே நிற்பவரே. எந்த எஃகு உளியை உண்ணும், எந்தப் பாகத்தை இருமுறை பிடித்துக் கடைய வேண்டும் என்பன அவருடைய கைப்பழக்கம். அவரைக் கேளாது எழுதப்படும் திட்டம் சுவரில் தொங்கும் அட்டவணையாகவே நின்றுவிடும். சிந்தனையைப் பட்டறையிலிருந்து பிரிக்க விரும்பிய டெய்லரின் கொள்கைக்குப் பட்டறையே சொல்லும் மறுமொழி இது.

பினாங்கு இவ்வுண்மையை ஓரளவு உணர்ந்து நடந்தது. 1989 இல் அரசும் ஆலைகளும் கல்வித்துறையும் சேர்ந்து பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தை நிறுவின. வேலை செய்யும் கைக்குக் கணக்கும் கற்பிக்கப்பட்டது. 1991 இல் தொடங்கிய பென்டாமாஸ்டர், 2000 இல் தொடங்கிய வைட்ராக்ஸ் போன்ற பினாங்கு நிறுவனங்கள் தாமே இயந்திரங்களை வடிவமைத்து உலகச் சந்தைக்கு அனுப்புகின்றன. பிறர் வகுத்த எண்ணிக்கையை நிறைவேற்றிய ஊர், தானே எண்ணிக்கை வகுக்கும் ஊராக ஒரு பகுதி மாறியது.

ஒரு பகுதி என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வெளியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தனர். அவர்களும் அவர்தம் பிள்ளைகளும் இயந்திரத்தின் முன்னரே நிற்பார்களா, திட்ட மேசையிலும் அமர்வார்களா என்பது இனிமேல் விடை காண வேண்டிய வினா. அதற்கு வேண்டிய முதற்கல்வி பெரிய மென்பொருளன்று. ஒரு நாளைக் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணவும், உள்ளதை உள்ளவாறு பதியவும், செய்பவரைக் கேட்டு எழுதவும் பழகுதலே அது. இதனைக் கற்பிப்பதற்குத் தொடக்கப்பள்ளிக் கணக்குப் பாடமும் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலும் போதும். பத்து காவானின் பழைய செக்ரோலில் தமிழர் பெயர் எழுதப்பட்டது. அவ்வூர்த் தொழிற்பேட்டையின் புதிய ஏட்டைத் தமிழர் கையும் எழுதல் வேண்டும்.