துண்டு வெட்டிய பின்: கண்டிப் பகுதியில் முதியோர் மறுநலப் பராமரிப்பும் குடும்பங்களின் தனிமையும்

ஆய்வுச் சுருக்கம்

பாரிசவாதத்தாலோ இடுப்பு எலும்பு முறிவாலோ விழுந்து, வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் முதியவரைப் பராமரிக்கக் குடும்பங்கள் திணறும்போது, அது பிள்ளைகளின் பாசக்குறைவாகவே பேசப்படுகிறது. கண்டி நகரையும் அதைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளையும் முன்வைத்து, அது பாசக்குறைவன்று, ஒப்படைப்பின் குறை என்று இக்கட்டுரை வாதிடுகிறது. பிறந்த குழந்தையைத் தேடி வீட்டு வாசலுக்கு வரும் பொதுச் சுகாதார அமைப்பு, நடக்கப் பழகும் முதியவரைத் தேடி வருவதில்லை. தீர்வும் அந்த ஒப்பீட்டிலேயே இருக்கிறது.

1. முன்னுரை

இலங்கைச் சனத்தொகையில் 60 வயதைக் கடந்தோரின் பங்கு 1981 இல் 6.6 சதவீதமாக இருந்தது. 2012 குடிசன மதிப்பீட்டில் அது 12.4 சதவீதமாயிற்று. மூன்று தசாப்தங்களில் ஏறக்குறைய இரட்டிப்பு. மேலைநாடுகள் செல்வம் சேர்த்த பிறகு முதுமையை எட்டின; நாம் செல்வம் சேர்க்கு முன்பே எட்டிவிட்டோம்.

இந்த மாற்றத்தைக் கண்டியில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. கண்டி மருத்துவ வசதியற்ற ஊரன்று. நகர நடுவில் தேசிய வைத்தியசாலை, சில கிலோமீற்றரில் பேராதனைப் போதனா வைத்தியசாலை, மகியங்கனை வீதியில் திகனயில் புனர்வாழ்வு வைத்தியசாலை. பிசியோதெரபியில் பட்டம் வழங்கும் பேராதனைப் பல்கலைக்கழகமும் இங்கேயே இருக்கிறது. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை. இத்தனையும் இருக்கும் ஊரிலேயே குடும்பங்கள் கையைப் பிசைந்து நிற்கின்றன என்றால், கோளாறு கட்டடங்களின் எண்ணிக்கையில் இல்லை. கட்டடத்துக்கும் வீட்டுக்கும் இடையில் இருக்கிறது.

இது புள்ளிவிவர ஆய்வன்று. சட்டம், நிறுவனம், அன்றாட நடைமுறை ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் படிக்கும் முயற்சி.

2. ஒரு சொல்லின் சிக்கல்

இலங்கைத் தமிழில் 'புனர்வாழ்வு' என்றதும் நம் மனதில் யார் வருகிறார்கள்? போருக்குப் பின் தடுப்பில் இருந்து வந்த இளைஞர், அல்லது போதைப்பழக்கத்திலிருந்து மீட்கப்படுபவர். கைப்பிடியைப் பற்றி மறுபடி நடை பழகும் தாத்தா வருவதில்லை. அதே சொல்தான் திகன வைத்தியசாலையின் பெயர்ப்பலகையிலும் இருக்கிறது. ஆனால் பேச்சு வழக்கில் அந்தப் பொருள் வேரூன்றவில்லை. 'வயசு போனா இப்படித்தான்' என்ற வாசகம் அந்த இடத்தை நிரப்பிவிட்டது. ஆகவே இக்கட்டுரையில் 'மறுநலம்' என்ற சொல்லைக் கையாள்கிறேன்: நோய் தணிந்த பின், இழந்த செயல்களை இயன்றவரை மீட்கும் பயிற்சி.

'நர்சிங் ஹோம்' என்பதும் இங்கே வேறு பொருளில் வழங்குகிறது. அது பெரும்பாலும் சிறிய தனியார் வைத்தியசாலை. மேலைநாட்டில் அப்பெயர் குறிக்கும், தாதியர் நீண்டகாலம் பராமரிக்கும் விடுதிக்கு நம்மிடம் தனிப் பெயர் நிலைபெறவில்லை. அந்த வகை நிலையமும் அரிது. இருப்பது முதியோர் இல்லம். அது வேறு.

3. வார்ட்டிலிருந்து வாசற்படி வரை

கீழே வரும் காட்சி ஒரு தனிநபருடையதன்று. கண்டியில் பல வீடுகளுக்குப் பொதுவான நிகழ்வுகளைக் கோத்த மாதிரி.

மலைச்சரிவில் ஒரு வீடு. வீதியிலிருந்து ஏறக் குறுகலான சீமெந்துப் படிகள். விடியற்காலையில் அப்பாவுக்கு வாய் கோணி, வலப்பக்கம் சோர்கிறது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வருகிறது. பணியாளர்கள் ஸ்ரெச்சரில் இறக்கிக் கொண்டுபோகிறார்கள். அதற்கும் கட்டணம் இல்லை. வார்ட்டில் உயிர் காப்பாற்றப்படுகிறது. சில நாட்களில் பிசியோதெரபி தொடங்குகிறது. வழவழப்பான சமதளத் தரையில், ஒருவர் தாங்க, அப்பா நாலு அடி வைக்கிறார்.

ஒரு காலை டொக்டர் வந்து, 'இன்றைக்குத் துண்டு வெட்டுகிறோம்' என்கிறார்; வீட்டுக்கு அனுப்புகிறோம் என்பது பொருள். கட்டில் வேண்டி வெளியே வரிசை நிற்கிறது. அவரைக் குறைசொல்ல இடமில்லை. கையில் கிடைப்பது டயக்னோசிஸ் கார்ட். அது ஆங்கிலத்தில் இருக்கிறது. நோயின் பெயர், மருந்துகள், கிளினிக் தேதி எல்லாம் அதில் உண்டு. எப்படித் தூக்குவது, எத்தனை மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைப்பது, சோற்றை எவ்வளவு குழைப்பது, இருமினால் என்ன செய்வது என்பவை அதில் இல்லை.

போகும்போது அம்புலன்ஸ், திரும்பும்போது முச்சக்கரவண்டி. அவசர சேவை கொண்டுபோவதற்குத்தான், கொண்டுவருவதற்கன்று. வீதியில் இறங்கியதும் படிகள் எதிரே நிற்கின்றன. பக்கத்து வீட்டுப் பையன்கள் நாலு பேர் பிளாஸ்டிக் கதிரையில் அப்பாவை உட்கார வைத்துச் சுமந்து ஏற்றுகிறார்கள். அன்று ஏறியவர் அடுத்த கிளினிக் நாளில்தான் இறங்குகிறார். சமதளத்தில் கற்ற நடை இந்தப் படிகளைச் சந்திக்கவே இல்லை.

அதன்பின் நடப்பவை அறியாமையால் நடப்பவை. சோர்ந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்புகிறார்கள். தோள்மூட்டு விலகி, வலி நிலைத்துவிடுகிறது. படுத்தபடியே தேநீர் புகட்டுகிறார்கள். அது மூச்சுக்குழலில் இறங்கிச் சளிக்காய்ச்சலாகிறது. பம்பர்ஸ் விலை அதிகம் என்று மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறார்கள்; இடுப்பின் கீழ் தோல் சிவந்து படுக்கைப்புண்ணாகிறது. இவற்றில் ஒன்றுகூட அன்பில்லாததால் வந்ததில்லை. பாரிசவாதத்துக்குப் பின் இழந்த அசைவு பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே மீள்கிறது என்பது மருத்துவம் அறிந்தது. அந்த மாதங்கள்தான் குடும்பம் முற்றிலும் தனித்து நிற்கும் மாதங்கள்.

4. இல்லங்கள் யாருக்கு?

இந்நிலையில் குடும்பம் முதியோர் இல்லத்தை நினைக்கிறது. கதவைத் தட்டினால் முதலில் வரும் கேள்வி, 'தன் வேலையைத் தானே செய்துகொள்வாரா?' என்பதே. பெரும்பாலான இல்லங்கள் ஆதரவற்றோருக்காகத் தரும சிந்தையால் எழுந்தவை. படுக்கையில் இருப்பவரை ஏற்கத் தாதியர் பலமோ வசதியோ அவற்றில் இல்லை. ஆக, நடக்கக்கூடியவருக்கு இல்லம் உண்டு. நடை பழக வேண்டியவருக்கு இடமில்லை. பராமரிப்பு மிகத் தேவைப்படுபவருக்கே கதவு மூடியிருக்கிறது.

வசதியுள்ளோர் ஏஜென்சி வழியாக வீட்டுக்கே ஆள் பிடிக்கிறார்கள். வருபவர் கைதேர்ந்தவராக இருக்கலாம், பயிற்சியற்றவராகவும் இருக்கலாம். வேறுபாட்டை அறியக் குடும்பத்துக்கு வழியில்லை. இங்கே ஒரு முரண் கவனிக்கத்தக்கது. முதியோர் பராமரிப்பில் பயிற்சி பெற்ற நம் இளையோர் இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் வேலைக்குப் போகிறார்கள். இந்நாட்டால் பராமரிப்பாளர்களை உருவாக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. உருவாக்கப்படுவது அயல்நாட்டு முதியவருக்காக.

5. சட்டம் பார்க்கும் திசை

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முக்கியமானது. தேசிய முதியோர் சபையும் செயலகமும் அதனால் தோன்றின. பெற்றோரைப் புறக்கணிக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளின் கடமையாக அது எழுதிவைத்தது. தம்மைத் தாமே பேண முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கோரப் பராமரிப்புச் சபையை அமைத்தது. முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும் என்றது. பிள்ளைகளற்ற, கைவிடப்பட்ட முதியோருக்கு உறைவிடம் தருவதை அரசின் பொறுப்பாக்கியது. இந்தியாவின் 2007 ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறத்தாழ இதே வழியில் செல்கிறது.

இச்சட்டத்தின் கண்ணுக்குப் படுவோர் இரு வகையினர்: கைவிடும் பிள்ளை, கைவிடப்பட்ட முதியவர். கைவிடாத பிள்ளையைப் பற்றி அதற்குச் சொல்ல அதிகமில்லை. வேலைக்கு லீவு போட்டு, இரவில் மூன்று முறை எழுந்து, தெரியாததைத் தெரிந்தவரைக்கும் செய்யும் மகளுக்கு அது என்ன தருகிறது? பராமரிப்புப் பணத்தால் பராமரிக்கத் தெரிந்துவிடாது. சட்டம் கடமையை எழுதியது; கடமையைச் செய்யக் கற்றுத்தரும் ஆளை அனுப்பவில்லை.

6. தோட்டமும் மொழியும்

நகரத்துச் சிக்கல் தோட்டத்தில் இரட்டிப்பாகிறது. கலஹா, புசல்லாவ, ஹேவாஹெட்ட, நாவலப்பிட்டி மலைகளில் ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்த பெண்ணுக்கு முதுமையில் கிடைப்பது லயத்தில் மகனின் காம்பராவில் ஒரு மூலை, அல்லது இஸ்தோப்பு. கழிப்பறை பெரும்பாலும் வெளியே. மழையில் வழுக்கும் பாதையில் அங்கே போய்வர முடியுமா என்பதே அவருக்கு மறுநலத்தின் அளவுகோல். வார்ட்டில் நாலு அடி வைத்தாரா என்பதன்று. பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலோ வளைகுடா வீடுகளிலோ வேலை செய்கிறார்கள். பணம் அனுப்புகிறார்கள், கை அனுப்ப முடியாது. நாவலப்பிட்டியிலிருந்து திகனவுக்குப் பயிற்சிக்குப் போக, கண்டியில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் செயலிழந்தவருக்குப் பஸ் என்ன பஸ்? வாகனம் பேசினால் பலநாள் சம்பளம் போகும்.

அடுத்தது மொழி. கண்டி மாவட்டத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவர் தமிழ் பேசும் தமிழரோ முஸ்லிமோ. தமிழ் 1987 முதல் அரசியலமைப்பின்படி அரச கரும மொழியும்கூட. ஆனால் பயிற்சி அறையில் கேட்பது 'கக்குல உஸ்ஸன்ன' என்ற சிங்களக் கட்டளை. 'காலைத் தூக்குங்க' என்று பேரப்பிள்ளை மொழிபெயர்த்தால் பயிற்சி நடக்கும். பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போனால் நடக்காது. மாத்திரையை ஒரு சொல் இல்லாமல் கொடுத்துவிடலாம். மறுநலம் முழுக்க முழுக்கச் சொல்லிக்கொடுத்துச் செய்யவைக்கும் சிகிச்சை. அதில் மொழிதான் மருந்து. பேச்சையே இழந்தவருக்கு அவர் வாழ்ந்த மொழியில் தவிர வேறெதில் பேச்சுப் பயிற்சி தருவது? தமிழில் அதைத் தருவோர் மிகச் சிலரே.

7. மருத்துவிச்சி ஏறிய படிகள்

இதெல்லாம் வறிய நாட்டின் விதி என்று ஆறுதல் கொள்ள முடியாது. ஏனெனில் இதே நாடு இதே படிகளில் ஏறிக் காட்டியிருக்கிறது.

1926 இல் களுத்துறையில் முதல் சுகாதார அலகு தொடங்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை அமைப்பு. அதன் கால்கள் குடும்பநல உத்தியோகத்தர்கள். மக்கள் வாயில் 'மிட்வைஃப்' அல்லது 'மருத்துவிச்சி'. பிரசவித்த பெண் வீடு திரும்பியதும், முதல் 10 நாட்களுக்குள் இரு தடவை அவர் வீட்டுக்கு வர வேண்டும் என்பது நடைமுறை. வந்து தொப்புளைப் பார்க்கிறார், பால்கொடுக்கும் விதத்தைத் திருத்துகிறார், தாயின் முகவாட்டத்தைக் கவனிக்கிறார், பதிவேட்டில் எழுதுகிறார். தாய்சேய் மரணத்தைக் குறைத்ததில் இலங்கை பெற்ற நற்பெயருக்குப் பெரிய வைத்தியசாலைகளைப் போலவே வீடு வீடாகச் சென்ற இந்த நடையும் காரணம்.

வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் இருவரை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று, மூன்று நாள் குழந்தை. மற்றது, 75 வயது மூதாட்டி. இருவராலும் தாமாக உண்ண, புரள, கழிப்பறை போக முடியாது. இருவரின் குடும்பமும் புதிதாகக் கற்க வேண்டும். ஒரு வாசலுக்கு அரசு வருகிறது; மற்ற வாசலுக்கு வருவதில்லை.

இது இயலாத கனவும் அல்ல. கேரளத்தில் 1993 இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண மருத்துவ முயற்சி, அயலவர் கூடி நடத்தும் வீட்டுப் பராமரிப்பு வலையமைப்பாக விரிந்து, 2008 இல் மாநில அரசின் கொள்கையாயிற்று. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மருந்துகளோடு பிசியோதெரபியையும் வீட்டுக்கே கொண்டுபோகிறது. இலங்கையிலும் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் என்ற பதவி உண்டு. பிரதேச செயலகங்களில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்களும் உண்டு. இவர்களையும் வார்ட்டையும் இணைக்கும் கயிறுதான் இல்லை.

8. இரு மறுப்புகள்

அரசு வீட்டுக்குள் வந்தால் பிள்ளைகள் பொறுப்பைக் கைகழுவுவார்கள் என்பது முதல் மறுப்பு. மருத்துவிச்சி வருகிறார் என்பதற்காக எந்தத் தாயும் குழந்தையைக் கீழே வைத்துவிட்டுப் போகவில்லை. துணை கிடைத்தால் குடும்பம் நீண்டநாள் தாங்கும். துணையின்றி விட்டால்தான் ஓய்ந்து, கடைசியில் இல்லத்துக் கதவைத் தட்டுகிறது.

இரண்டாவது, பணம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் மருத்துவர்களும் தாதியரும் நாட்டைவிட்டுப் போகும் காலத்தில் புதிய பதவிகளுக்கு வழியேது என்பது நியாயமான கேள்வி. ஆனால் படுக்கைப்புண்ணோடும் சளிக்காய்ச்சலோடும் அதே முதியவர் அதே வார்ட்டுக்குத் திரும்பி வருவதும் செலவுதான். அது வேறு கணக்கில் எழுதப்படுகிறது, அவ்வளவே. புதிய கட்டடம் எழுப்புவதோடு ஒப்பிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்புவது மலிவு.

9. முடிவுரை

கண்டிக் குடும்பங்களின் அனுபவம் சொல்வது இதுவே: முதியவரைக் கைவிட்டது பெரும்பாலும் பிள்ளை அல்ல, வார்ட்டுக்கும் வாசற்படிக்கும் இடையிலான வெற்றிடம். அதை நிரப்ப மூன்று காரியங்கள் உடனே செய்யத்தக்கவை. துண்டு வெட்டும் முன், வீட்டில் பராமரிக்கப்போகும் ஒருவரை வார்ட்டுக்கு அழைத்து, தூக்கவும் புரட்டவும் ஊட்டவும் கைப்பட அவரைச் செய்யவைக்க வேண்டும். டயக்னோசிஸ் கார்ட்டோடு, பராமரிப்பு முறையைத் தமிழிலோ சிங்களத்திலோ எழுதிய ஒரு தாள் கொடுக்க வேண்டும். அதன் பிரதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், 10 நாட்களுக்குள் ஒருவர் அந்த வீட்டுப் படியேறிப் பார்க்க வேண்டும்.

பிறந்தவருக்கு நாம் ஏற்கெனவே செய்துவருவது இதுதான். முதியவருக்கும் செய்யப் புதுச் சட்டம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கையும் அதை நடத்தும் ஆட்களும் போதும்.